வெள்ளிக்கிழமை அளவு

பிப்ரவரி 9

அண்ணனுக்குத் தங்கை எழுதுவது.

நானும் பாப்பாவும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி மட்டும் போக மாட்டேன் என்கிறது. நீயும் அவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று சுருக்காமல் எழுது.

பாப்பா பிறந்து இன்றோடு இருபது நாள். பெற்ற அப்பா இரண்டு நாள் இருந்துவிட்டு ஓடிப்போனார். தாய்மாமன் இன்னும் தலையையே காட்டவில்லை. "எலி டாக்டருக்கு எலிக்குஞ்சுன்னாதான் கண்ணு தெரியும் போல" என்று அத்தை கேலி செய்கிறார். நீ டாக்டர் இல்லை, எலிக்குத் தீனி வைத்துக் கூண்டு மாற்றுகிறவன் என்று எத்தனை தடவை சொன்னாலும் மாமியார் உன்னை டாக்டர் ஆக்காமல் விடமாட்டார்.

நீங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் லீவு எடுக்க முடியாது, ஒருத்தர் அந்த நோய் எலிகளோடு இருந்தே தீர வேண்டும் என்று அவர் சொன்னார். கூட வேலை பார்க்கிறவரையே பிடித்து எனக்குக் கட்டிவைத்தாயே, அதன் பலனை அனுபவிக்கிறேன். சரி, அவர் மார்ச்சில் வரட்டும். முதலில் நீ வா. ஆனால் இரண்டு நாள் என்று சொல்லிக்கொண்டு வராதே. முதல் நாள் அலுப்பிலும் இரண்டாம் நாள் பை கட்டுவதிலும் போய்விடும். மூன்று நாள் முழுசாக இருப்பதென்றால் வா, இல்லாவிட்டால் வாசலோடு அனுப்பிவிடுவேன்.

போனில் பதில் சொல்லாதே. போனில் நீ "ம்" கொட்டுவதோடு சரி. பேனாவைப் பிடித்தால்தான் உனக்கு நாலு வார்த்தை வருகிறது.

அத்தைக்கு ஒரு பயம். "அந்தக் கிருமி இவங்க துணியிலயோ தலையிலயோ ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துடாதே?" என்று கேட்கிறார். அதற்கும் எழுது. படித்துக் காட்டுகிறேன்.

பாப்பா உன் மூக்கோடு பிறந்திருக்கிறாள். பாவம்.

அன்புத் தங்கை

*

பிப்ரவரி 16

தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது.

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். மாப்பிள்ளை பாப்பாவின் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களிடமெல்லாம் நீட்டுகிறார். மூக்கு விஷயத்தில் உன் மேல் கோபம்தான்.

வரும் வெள்ளி, 23ஆம் தேதி, சாயங்காலம் ஐந்தரை மணிப் பேருந்தில் ஏறுகிறேன். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் உன்னோடுதான்.

அத்தையிடம் சொல், பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் எலிகளுக்குக் காசநோய். அதிலும் வழக்கமான மருந்துக்கு மசியாத ரகம். புது மருந்து கேட்கிறதா என்று அவற்றில்தான் பார்க்கிறார்கள். அறைக்கு இரண்டு கதவு. ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். உள்ளே போகும்போது வீட்டுத் துணி அத்தனையையும் கழற்றி வைத்துவிட்டு வேறு உடை, மாஸ்க், இரட்டைக் கையுறை. வெளியே வரும்போது தலையோடு குளியல். உள்ளே போன காகிதம்கூட ஆவியில் வேகாமல் வெளியே வராது.

எல்லாவற்றையும்விடப் பெரிய காவல் எங்கள் பெட்டிதான். ஆள் உட்கார்ந்து இரண்டு கையையும் உள்ளே விட்டு வேலை செய்கிற அளவு கண்ணாடிப் பெட்டி. விசிறி காற்றை உள்பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். எலி உள்ளே தும்மினாலும் அது எங்கள் முகத்துக்கு வராது. காலையில் திறப்பில் மெல்லிய டிஷ்யூ துண்டு ஒன்றைத் தொங்கவிட வேண்டும். உள்பக்கம் சாய்ந்தால் காற்று சரி, நேராகத் தொங்கினால் தப்பு. வெள்ளிதோறும் கையடக்கக் கருவி ஒன்றை வைத்துக் காற்றின் வேகத்தை அளந்து, எண்ணைப் பதிவேட்டிலும் கண்ணாடியில் ஒட்டிய அட்டையிலும் எழுத வேண்டும். அது என் பொறுப்பு. பழைய பெட்டி, அலாரம் கிடையாது. அந்த எண்தான் அலாரம்.

உள்ளதைச் சொன்னால், அட்டையில் எண் சரியாக இருந்தால் அந்த வாரம் யாரும் துண்டைத் தேடுவதில்லை. உன் வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே. "மச்சான் கையெழுத்து இருந்தா கண்ண மூடிக்கிட்டு உக்காருவேன்" என்பார். நான் திட்டுவேன், அவர் சிரிப்பார்.

வெள்ளி மாலை அளவு எழுதிவிட்டுத்தான் கிளம்புவேன். போதுமா அத்தை?

மற்றவை நேரில்.

அண்ணன்

*

மார்ச் 3

தங்கச்சிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். இங்கே அனைவரும் நலம். மாப்பிள்ளை நலம். அங்கும் அப்படியே என்று நினைக்கிறேன்.

செவ்வாய் வேலைக்கு வந்தேன். பெட்டியின் விசிறியில் சின்னப் பழுது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு அன்றே சரி செய்தாகிவிட்டது. காலையில்தான் கெட்டிருக்கிறது. நான் வெள்ளியன்று அளந்துவிட்டுத்தான் வந்தேன், அப்போது சரியாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்துவிட்டது. 14ஆம் தேதி வருகிறார்.

வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அண்ணன்

*

மார்ச் 24

அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் சுருக்கக் கடிதத்தைப் பார்த்தால் உன் சௌக்கியத்தில்தான் சந்தேகம். மூன்று நாளாகப் பாப்பாவை மடியை விட்டு இறக்காத ஆள், ஊருக்குப் போனதும் அவளைப் பற்றி ஒரு வரி கேட்கவில்லை. விசிறி கெட்ட கதை எனக்கெதற்கு?

உன் மாப்பிள்ளையின் கூத்தைக் கேள். நான்கு நாள் இருந்தார். பாப்பாவைத் தூக்கும் முன் முழங்கை வரை சோப்புப் போட்டு ஐந்து தடவை கழுவுவார். அதுபோதாதென்று வீட்டுக்குள்ளேயே மாஸ்க். ஏன் என்றால் "கொஞ்சம் சளி பிடிச்சா மாதிரி இருக்கு" என்றார். ஒரு தும்மல்கூடக் கேட்கவில்லை. அத்தை சிரித்து சிரித்துக் கண்ணில் நீர் விட்டார். "பெத்த புள்ளைய முத்தம்கூடக் குடுக்காம பாக்குற அப்பன இப்பத்தான்டா பாக்குறேன்" என்றார். அவர் பாப்பாவின் பாதத்தை மட்டும் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

போகும்போது உன்னைத் திட்டக் கூடாது என்று எனக்குக் கட்டளை. "மச்சான் பாவம், ரொம்ப யோசிக்கிறாரு" என்றார். எதை யோசிக்கிறாய்? எனக்குச் சொல்லக் கூடாததா?

ஏப்ரலிலிருந்து அச்சகத்துக்குப் போகிறேன். பிழை திருத்த வேண்டிய தாள்கள் மலையாகக் குவிந்திருக்கிறதாம். ஊரார் பிழையைத் திருத்துகிறவளுக்கு உன் மனசில் இருப்பது தெரியாமலா போகும்? எழுது.

தங்கை

*

ஜூன் 12

தங்கச்சிக்கு,

நீ எழுதிய மூன்று கடிதமும் வந்தன. பதில் போடாதது என் தப்பு. அங்கே நலமா?

இதை எப்படி எழுதுவது என்று நான்கு தாளைக் கிழித்தாகிவிட்டது. பதறாமல் படி. மே மாதக் கடைசியிலிருந்து மாப்பிள்ளைக்கு இருமல். சாயங்காலமானால் உடம்பு சுடும். நான் சொல்லிச் சொல்லி முந்தாநாள்தான் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கப் போனார். இரண்டு நுரையீரலிலும் இருக்கிறது. எங்கள் எலிகளிடம் இருக்கிற அதே ரகம்.

தனி வார்டில் சேர்த்திருக்கிறோம். நல்ல டாக்டர்கள். பாப்பாவையும் உன்னையும் அத்தையையும் உடனே பரிசோதிக்கச் சொல்கிறார்கள். நாளைக்கே போ, தள்ளிப்போடாதே. கைக்குழந்தையோடு நீ இங்கே வரக் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. அவரும் அதையேதான் சொல்கிறார்.

தினமும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன். கை அசைக்கிறார். என்ன செய்ய வேண்டுமோ எல்லாம் செய்கிறேன், நீ தைரியமாக இரு.

அண்ணன்

*

ஆகஸ்ட் 4

என் பாப்பாவின் அம்மாவுக்கு,

நர்சம்மாவிடம் கெஞ்சி எழுதுகிறேன். ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் ஆகிறது. காகிதத்தில் இந்தக் கிருமி பயணம் போகாது, தைரியமாகத் தொட்டுப் படி. உங்கள் மூன்று பேருக்கும் ஒன்றுமில்லை என்று நீ எழுதிய தாளைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். மருந்தைவிட அதுதான் வேலை செய்கிறது.

இங்கே பொழுது போகவில்லை. எங்கள் உடை மாற்றும் அறையின் கடிகாரம்தான் ஞாபகம் வருகிறது. பாப்பா பிறந்ததிலிருந்து அதைப் பார்த்துப் பார்த்து மணி எண்ணிக்கொண்டிருந்தேன். பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, உன் அண்ணன் அங்கே கிளம்புவதற்கு முதல் நாள், அது நின்றுவிட்டது. மருந்தால் துடைத்து வெளியே வைத்திருந்த காற்றளக்கும் கருவியிலிருந்து பேட்டரியைக் கழற்றிக் கடிகாரத்துக்குப் போட்டேன். மறுநாள் கருவிக்குப் புதுசு வாங்கலாம் என்று நினைத்து அடியோடு மறந்துபோனேன். அடுத்த வியாழன்தான் வாங்கிவந்தேன். மேஜை இழுப்பறையைத் திறந்தால் கருவி காலியாகவே கிடக்கிறது. நான் விட்டது விட்டபடி. அன்று அந்த இழுப்பறையைத் திறந்தபடியே வெகுநேரம் நின்றேன்.

விசாரணைக் குழு வந்தார்கள். மூன்று நாள் அட்டையையும் பார்க்கவில்லை, துண்டையும் தொங்கவிடவில்லை, என் அசட்டைதான் என்று சொல்லிவிட்டேன். அது முடிந்துபோன பேச்சு. மச்சானிடம் நீ எதுவும் கேட்காதே. தினமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் பாவமாக இருக்கிறது. அவருக்கு நம்மை விட்டால் யார்?

பாப்பா குப்புற விழுகிறாள் என்று எழுதியிருந்தாய். எந்தப் பக்கமாக விழுகிறாள், இடதா வலதா? அடுத்த கடிதத்தில் எழுது.

உன்னுடையவன்

*

அக்டோபர் 20

அண்ணனுக்கு,

பாப்பா நன்றாக இருக்கிறாள். நாங்கள் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

செப்டம்பர் 27ஐ நினைக்கக் கூடாது என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை. கடைசியில் என்னை வரவிட்டார்களே, கண்ணாடி வழியாகப் பார்க்க. நான் கையைக் கண்ணாடியில் வைத்தேன். அவர் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. நீ என் பின்னால் நின்றிருந்தாய். அப்போது உன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை மாதிரி இல்லை. அது என் காதிலேயே இருக்கிறது.

விசாரணை அறிக்கையின் நகல் தபாலில் வந்தது. பதினொரு பக்கம். தொழில் பழக்கம், ஒரு எழுத்து விடாமல் படித்தேன். "இறந்த பணியாளரின் கவனக்குறைவே காரணம்" என்று முடித்திருக்கிறார்கள். பின்னால் உன் பதிவேட்டுப் பக்கத்தை இணைத்திருக்கிறார்கள். பிப்ரவரி 23, வேகம் 0.50, சரி. உன் கையெழுத்து.

அத்தை கேட்கிறார், "சின்ன வயசுலேர்ந்து கழட்டின செருப்பைக்கூட ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வைக்கிறவன்மா அவன். அவனா பாக்காம உக்காந்திருப்பான்?" என்று. ஒரு நாளைக்கு மூன்று தடவை கேட்கிறார். வாசலில் கிடக்கிற செருப்பையெல்லாம் நேராக வைத்துவிட்டு வந்து மறுபடி கேட்கிறார். பாப்பா வளர்ந்து கேட்டால் நான் இந்தத் தாளைத்தானே காட்ட வேண்டும்?

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர் கேட்காதே என்றார், ஆனாலும் கேட்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை நீ அளந்தாய்தானே?

தங்கை

*

நவம்பர் 9

தங்கச்சிக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இங்கே நாலு நாளாக விடாத மழை. பாப்பாவுக்கு ஒரு தள்ளுவண்டி பொம்மை அனுப்பியிருக்கிறேன், பிடித்து நடந்து பழகட்டும். அத்தை முழங்காலுக்குத் தைலமும் வைத்திருக்கிறேன். பழைய பெட்டியை எடுத்துவிட்டு அலாரத்தோடு புதுப் பெட்டி போட்டுவிட்டார்கள்.

நீ கேட்டது பதிவேட்டில் இருக்கிறது. அதைத்தான் குழுவும் பார்த்தது. போனதைத் திரும்பத் திரும்பக் கிளறினால் உன் உடம்புதான் கெடும். பாப்பாவைப் பார்த்து மனசைத் தேற்றிக்கொள்.

அண்ணன்

*

ஜனவரி 22

அண்ணனுக்கு,

பாப்பாவுக்கு முந்தாநாள் ஒரு வயது முடிந்தது. தள்ளுவண்டி வந்து சேர்ந்தது. இருக்கிறோம்.

*

பிப்ரவரி 23

தங்கச்சிக்கு,

நான் நலமாக இல்லை. ஒரு வருஷமாகவே இல்லை. நலம் என்று எழுதியதெல்லாம் பொய்.

உன் கார்டில் "இருக்கிறோம்" என்று மட்டும் எழுதியிருந்தாய். அதைத் தினமும் எடுத்துப் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்து நீ சௌக்கியம் விசாரிக்காமல் எழுதிய முதல் கடிதம். உனக்குத் தெரிந்துவிட்டது என்று அன்றே எனக்குப் புரிந்தது. ஆனாலும் ஒரு மாதம் ஒளிந்துகொண்டிருந்தேன்.

நான் அளக்கவில்லை.

போன வருஷம் இதே தேதி, ஐந்து மணி. பை வெளியே தயாராக இருந்தது. கருவியை எடுத்து அழுத்தினேன், எண் வரவில்லை. திருப்பிப் பார்த்தேன், பேட்டரி இல்லை. ஸ்டோருக்குப் போய் வாங்கி வந்தால் பேருந்து போய்விடும். அதற்கு முந்தின வாரம் 0.50. அதற்கு முந்தின வாரமும் 0.50. ஒரு வருஷமாகவே அந்த எண் அசைந்ததில்லை. அதையே எழுதினேன். பதிவேட்டில் எழுதி, அட்டையிலும் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டிஷ்யூ துண்டையாவது தொங்கவிட்டிருக்கலாம். அதற்குப் பேட்டரி தேவையில்லை. மாப்பிள்ளை உள்ளே வந்தார். "அளந்தாச்சா மச்சான்?" என்றார். "ஆச்சு" என்றேன். வேறு பேட்டரி போட்டிருப்பேன் என்று நினைத்திருப்பார். என் பையை அவர்தான் வாசல் வரை தூக்கிவந்தார்.

செவ்வாய் காலை திரும்பிவந்து துண்டைத் தொங்கவிட்டேன். நேராகத் தொங்கியது. விசிறியின் பெல்ட் தேய்ந்து போயிருந்தது. மெக்கானிக் பார்த்துவிட்டு, இது ஒரு நாளில் தேய்ந்ததில்லை, வாரக்கணக்காகத் தேய்ந்தது என்றார். அவர் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மாப்பிள்ளை அந்த மூன்று நாளும் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். மாஸ்க் போட்டிருந்தார். உள்ளே இருக்கிற ஐந்து மணி நேரமும் பேசாமல், முகம் அசையாமல் இருந்தால்தான் மாஸ்க் முழுசாகக் காக்கும். அவர் எலிகளோடு பேசிக்கொண்டே வேலை செய்கிறவர், உனக்குத் தெரியும்.

அன்றே வாயைத் திறந்திருந்தால் அன்றிலிருந்தே அவரைக் கண்காணித்திருப்பார்கள். முதல் இருமலுக்கு முன்பே பிடித்திருக்கலாம். நான் திறக்கவில்லை. மாஸ்க்தான் இருந்ததே, ஒன்றும் ஆகாது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். பிறகு அவர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, அதையும் வாங்கிக்கொண்டேன்.

நேற்று தலைமை விஞ்ஞானியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். விசாரணையைத் திரும்ப எடுக்கிறார்கள். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை பெயரிலிருந்து அந்த வார்த்தையை எடுத்துவிடுவார்கள். அத்தையிடம் சொல், அவர் மகன் சரியாகத்தான் இருந்தார். அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அட்டைதான் பொய்.

மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. பதில் வராவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை.

*

மார்ச் 30

அண்ணா,

நலமா என்று கேட்க மாட்டேன்.

எனக்கு அக்டோபரிலேயே தெரியும். அவர் ஆகஸ்டில் எழுதிய கடிதத்தில் பேட்டரி கதை இருந்தது. கடிகாரத்துக்குப் போட்டதும், அடுத்த வியாழன் பார்த்தபோது கருவி காலியாகவே கிடந்ததும். படித்தபோது சிரித்தேன். அறிக்கை வந்து அதில் உன் 0.50ஐப் பார்த்ததும் அவர் கடிதத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். அச்சகத்தில் மூலத்தையும் நகலையும் பக்கத்தில் வைத்துத்தான் பிழை பிடிப்போம். பேட்டரி இல்லாத கருவி எப்படி எண் காட்டும்?

அப்புறம்தான் மாஸ்க் ஞாபகம் வந்தது. அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் பாப்பாவை முத்தம் கொடுக்காமல் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். நாங்கள் சிரித்தோம். அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவர் வாய் திறக்கவில்லை, நீ உன்னையே காப்பாற்றிக்கொள்ளத் திறக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள் பார்.

உன்னைச் சபிக்க உட்கார்ந்தேன், முடியவில்லை. நீ உன் கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறாய். திங்கட்கிழமை. எலிகளின் நுரையீரலை எடுத்து அரைக்கிற வேலை திங்களன்றுதான் நடந்தது, அதில்தான் கிருமி அதிகம் பறக்கும் என்று அறிக்கையின் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு நாளில் நீ திரும்பியிருந்தால் திங்கள் காலை நீதான் துண்டைத் தொங்கவிட்டிருப்பாய். மூன்று நாள் இரு என்றவள் நான். அதை நீ எழுதவில்லை. எனக்காக விட்டாய் என்று தெரியும். அந்த ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம்.

அவசரத்தில் எண் எழுதியதைக்கூட நான் என்றாவது ஒருநாள் ஆற்றிக்கொள்வேன். ஆனால் மார்ச் 3ஆம் தேதி "மாப்பிள்ளை நலம்" என்று எனக்கு எழுதினாயே. அதுவும் அளக்காமல் எழுதியதுதானே? நவம்பரில் "நான் நலம்" என்றாய். எனக்கு அனுப்பிய தாளையெல்லாம் நீ அப்படித்தான் நிரப்பிக்கொடுத்தாய். அதை ஆற்றிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

திருத்திய அறிக்கை வந்தது. "இறந்த பணியாளர் மீது தவறில்லை, அளவை எடுக்காமல் பதிந்தவர் வேறொரு பணியாளர்" என்று இருக்கிறது. பெயர் போடவில்லை. அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அந்தத் தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தார். "யாரும்மா அந்த வேற ஆளு?" என்றார். "தெரியல அத்தை" என்றேன். உன் பொய் இப்போது என் கைக்கு வந்துவிட்டது. பிறகு அவரே சொன்னார், "உங்க அண்ணன் தனியா கெடந்து என்ன பாடு படுறாரோ. மச்சான் மச்சான்னு எம் புள்ள உசிரா இருந்தானே. ஒரு நடை வரச் சொல்லு." நான் சரி என்றேன்.

வராதே. இப்போது வராதே. உன்னை வாசலில் பார்த்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. பாப்பா நடக்கிறாள். உன் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டுதான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த உடை மாற்றும் அறையின் கடிகாரம், அவர் பேட்டரி போட்டது, அது ஓடுகிறதா? ஓடும், ஓடாது என்று உட்கார்ந்த இடத்திலிருந்து எழுதாதே.

தங்கை

*

ஏப்ரல் 5

தங்கச்சிக்கு,

உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை. மூன்று நாள் வாசலில் போய் நின்றேன். இன்று காவலாளி மனசு இரங்கி, நடைவழிக் கண்ணாடி வரை கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்து பார்த்தால் உடை மாற்றும் அறையின் சுவர் தெரியும்.

நான் போய் நின்றபோது அதில் பத்து மணி இருபது நிமிஷம். ஓடுகிறதா நின்று கிடக்கிறதா என்று முதலில் தெரியவில்லை, அதற்கு நொடி முள் கிடையாது. என் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். காவலாளி "போலாம் சார்" என்றார். "இருங்க" என்றேன். பத்து இருபத்தொன்று ஆனது. பத்து இருபத்திரண்டு ஆனது. பத்தரை வரை நின்றேன்.

நான்கு நிமிஷம் பின்தங்கி இருக்கிறது.

ஓடுகிறது.